இரண்டாவது வரிசை, மூன்றாவது நாற்காலி

அண்ணாச்சி எதையும் முதலில் தொட்டதில்லை. பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் பிசைந்து ஒரு வாய் வைக்கும்வரை இவர் கை இலைக்கு மேலேயே நிற்கும். மலை மந்திர் முருகன் கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் எதிரே நிற்பவர், பின்னால் நிற்பவர், அவர் இடுப்பில் இருக்கும் குழந்தை என்று எல்லோரும் ஒற்றிக்கொண்ட பிறகு, தட்டு நகர்ந்துவிட்ட நேரத்தில் எட்டித் தொடுவார். பாதி நாள் சூடே பட்டிருக்காது. அதையும் பக்தியாகக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

பஸ் ஸ்டாப்பில் அவரோடு நின்றவர்களுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. டெல்லி ஆர்.கே.புரத்திலிருந்து வரும் அவர், எங்கள் கோல் மார்க்கெட்டில் இறங்கி என்னோடு கரோல் பாக் பஸ் ஏற வேண்டும். பஸ் வரும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "ஆஜா, ஆஜா" என்று பஸ்ஸின் தகரத்தைத் தட்டுவான். அண்ணாச்சி வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்.

"அண்ணாச்சி, ஜல்தி ஏறுங்க. ரெண்டு பஸ் போயிடுச்சு."

"ஏறட்டும் தம்பி. அவங்களுக்கு என்ன அவசரமோ."

"நமக்கும் அவசரம்தானே?"

"நமக்கு இருக்கது ஒரு அவசரம்லா. அவங்களுக்கு வீட்டுல, ஆபீஸுல நூறு இருக்கும்."

மூன்றாவது பஸ்ஸில் நான்தான் அவரைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுவேன்.

அவருக்குப் பெயர் உண்டு. எழுத மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி அவருக்காகப் பேச வேண்டிய ஒரு நாளில் நான் பேசவில்லை. அப்புறம் இப்போது மட்டும் எதற்கு? அதோடு டெல்லியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. திருநெல்வேலிக்காரர், அதனால் எனக்கு அண்ணாச்சி. நான் கூப்பிடுவதைக் கேட்டு, நாங்கள் வாசிக்கப் போகும் ஸ்டூடியோவில் இருந்த பஞ்சாபி, வங்காளி எல்லோருக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. "அண்ணாச்சி ஜி" என்பார்கள். அண்ணன் என்பதற்கே மரியாதைதான் அண்ணாச்சி, அதற்கு மேல் ஒரு ஜி எதற்கு என்று நான் விளக்கப் பார்த்து விட்டுவிட்டேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மேல்நிலை எழுத்தராக இருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வயலினும், கோடு போட்ட வெள்ளைக்காரர் நொட்டேஷனும் கற்றுக்கொண்டவர். டெல்லித் தமிழர்களில் வயலின் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தாளைப் பார்த்து எட்டுப் பேரோடு சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்போது எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"அஞ்சு நாளு நான் ஃபைலு. சனிக்கிழமை ஒருநாள்தான் நான் நானு" என்பார். சொல்லிவிட்டு, பெரிய பேச்சு பேசிவிட்டோமோ என்று கூச்சப்பட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் நான் அவரிடமிருந்து பறித்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். தமிழை அம்மாவிடம் வாயாலும் முப்பது வயதுக்கு மேல் கண்ணாலும் கற்றவன். கீபோர்டு வாசிப்பேன். தொண்ணூறுகளின் நடுவில், டெல்லியில் இசைப்பதிவுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த நாலைந்து பேரில் நானும் ஒருவன் என்ற தலைக்கனம் எனக்கு நிறைய இருந்தது. எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு வங்காளி இசையமைப்பாளர். எல்லோருக்கும் அவர் தாதா, வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். டி.வி. சீரியல்களுக்கு, அணைக்கட்டு, குடிநீர், குடும்ப நலம் என்று அரசாங்கம் எடுக்கும் குறும்படங்களுக்கு இசை போடுவார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கரோல் பாக்கில் ஒரு துணிக்கடைக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட்டில் பதிவு. எட்டு வயலின், இரண்டு செல்லோ, ஒரு புல்லாங்குழல், நான்.

டென்ட் ஹவுஸில் வாடகைக்கு எடுத்த இரும்பு மடக்கு நாற்காலிகள்தான் அங்கே. அசைந்தால் கிறீச்சிடும். அதனால் பதிவு நடக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, ஃபேன் கிடையாது, கூலர் கிடையாது. நாற்காலி ஒவ்வொன்றின் முதுகிலும் தாதா சாக்பீஸால் எண் போட்டிருப்பார். தப்பு நடந்தால் ஆளைப் பெயர் சொல்லித் திட்டுவது அவருக்குப் பிடிக்காது. "முதல் வரிசை இரண்டு, சுருதி பார்" என்பார். மனிதரை அவமானப்படுத்தாமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி இரண்டாவது வரிசை, மூன்று.

அவர் மனைவி ஒருமுறை சொன்ன கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வழக்கம்போல நான் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார்.

"இவுக எங்க கல்யாணத்துலயே இப்பிடித்தான். கெட்டிமேளம் அடிக்காங்க, எல்லாரும் அரிசி எடுத்து வீசியாச்சு, இவுக தாலியக் கையில வச்சுக்கிட்டு என் மொகத்தையே பாத்துட்டு இருக்காக. எங்கப்பா முதுகுல ஒண்ணு போட்ட பொறவுதான் முடிச்சுப் போட்டாக. மேளம் அதுக்குள்ள நின்னு போச்சு."

"நீ தயாரா இருக்கியான்னு பாத்தேன்" என்றார் அண்ணாச்சி.

"உக்காந்து தலையக் குனிஞ்சாச்சு. இதுக்கு மேல என்ன தயாரு?"

நான் புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். அந்த அம்மாளும் சிரித்தார். அண்ணாச்சி மட்டும், அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யோசிப்பவர்போல மோர் ஊற்றிக்கொண்டார். நாங்கள் இருவரும் ஊற்றிக்கொண்ட பிறகு.

அன்றைக்கு நடந்தது இது. ஒரு நீளமான சீரியலுக்கு முகப்பு இசை. மெதுவாகத் தொடங்கும் மெட்டு. எட்டு வயலினும் ஒன்றாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எழும்ப வேண்டும். ஜூன் மாத வெயில். ஃபேனை நிறுத்தியதும் பேஸ்மென்ட் இட்லிப் பானை ஆகிவிட்டது. எல்லோர் காதிலும் ஹெட்போன். என் கம்ப்யூட்டரிலிருந்து டக், டக் என்று தாளம் போகும். அதை வைத்துத்தான் வாசிக்க வேண்டும். இதற்கு முன் தாதா கையசைத்துத்தான் நடத்திக்கொண்டிருந்தார். இந்த டக் டக் நான் கொண்டுவந்த புதுமை.

முதல் தடவை, தொடக்கம் பிசிறடித்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை தாதா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தேரி மஷீன் மே கட்பட் ஹை க்யா?"

உன் மெஷினில் கோளாறா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மெஷினை வாங்க நான் என்னென்ன செய்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் அடுத்த வாரம் அதைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியதுதான். கோளாறு எங்கே என்பது எனக்கு முதல் தடவையே தெரியும். என் காதில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகக் கேட்கும். எல்லோரும் வில்லை வைத்து, ஒரு இமைப்பொழுது கழித்து, ஒரு வயலின் மட்டும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு தாதா" என்று இந்தியில் சொன்னேன். "இரண்டாவது வரிசை, மூணு. லேட்."

நாற்காலி எண்ணைத்தான் சொன்னேன். பல வருஷம் அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர் சொல்லவில்லை, எண்தானே சொன்னேன் என்று. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், காலையில் அவரைப் பஸ்ஸில் தள்ளி ஏற்றியது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ன?

தாதா கோபப்படவில்லை. "அண்ணாச்சி ஜி, ஆப் ஸிர்ஃப் பைட்டியே" என்றார். நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள் என்று அர்த்தம். எழுந்து வெளியே போகவும் முடியாது. நாற்காலி சத்தம் போடும், கதவு சத்தம் போடும். அதனால் அண்ணாச்சி வயலினை மடியில் படுக்க வைத்து, அதன் மேல் வில்லை வைத்து, இரண்டின் மேலும் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஏழு வயலின் வாசித்தது. நாலாவது தடவை ஓகே ஆயிற்று. பிறகு இன்னும் மூன்று துண்டுகள். மதியம் ஒன்றரை மணிவரை அவர் அசையவில்லை. மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் இடது கை விரல்கள் மட்டும் மடியில் இருந்த தந்திகளின் மேல், அழுத்தாமல், நகர்ந்துகொண்டிருந்தன.

திரும்பும்போது பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னைக்கு வெக்கை அதிகம் தம்பி, இல்லா?" என்றார்.

அடுத்த வாரம் தாதா ஏழு வயலின் போதும் என்றார். "அண்ணாச்சியிடம் நீயே சொல்லிவிடு, உன் ஊர்க்காரர்" என்றார். எனக்கும் அவருக்கும் ஊர் ஒன்றில்லை. ஆனால் டெல்லியில் எல்லா மதராசிக்கும் ஒரே ஊர்தான்.

அண்ணாச்சி வீட்டில் அப்போது போன் கிடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பேசுவார். "தம்பி, நாளைக்கு உண்டா?" என்பார். "உண்டு அண்ணாச்சி, பத்து மணி" என்பேன். இது மூன்று வருஷ வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் போன் அடித்தது.

"தம்பி, நாளைக்கு உண்டா?"

"இல்ல அண்ணாச்சி. இந்த வாரம் ரெக்கார்டிங் இல்ல."

"அப்பிடியா? சரி, சரி. தாதாக்கு உடம்பு சுகம்தான?"

"சுகம்தான்."

உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாலு வார்த்தை. அது என் வாயில் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார், யார் சொன்னது என்று கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கிற ஆளே இல்லை. கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் இன்னும் பயந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் இப்படிப் பொய் சொன்னேன். சீரியல் காசு வரவில்லை என்று ஒரு வாரம், தாதா கல்கத்தா போயிருக்கிறார் என்று ஒரு வாரம், பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று ஒரு வாரம். பிறகு வெறுமனே "இல்ல அண்ணாச்சி" என்றே பழகிவிட்டது. அம்மா போனை எடுத்து, "உன் அண்ணாச்சிடா" என்று நீட்டும்போது அவள் கையை உதறிவிடத் தோன்றும்.

தைப்பூசம் முடிந்த சனிக்கிழமை. டீ குடிக்க பேஸ்மென்ட் படியேறி மேலே வந்தேன். எதிர்ச் சாரியில், டீக்கடைத் தட்டிக்குப் பக்கத்தில், மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அண்ணாச்சி நின்றிருந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி. என் முன்னால் வயலின்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு பேர்தான், எண்ண எவ்வளவு நேரமாகும்?

நான் தெருவைக் கடக்கவில்லை. வந்த படியிலேயே இறங்கி உள்ளே போய்விட்டேன். இத்தனைக்கும் பயப்படும்படி அவர் ஒருவரைக்கூட அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

பதிவு முடிந்து வெளியே வந்தபோது காவல்காரன் தூக்குச் சட்டியை நீட்டினான். ஒரு மதராசி சாப் கொடுத்துவிட்டுப் போனார் என்றான். மலை மந்திர் பஞ்சாமிர்தம். எல்லோரும் விரலை விட்டு நக்கித் தின்றார்கள். தாதா, "அண்ணாச்சி ஜி எப்படி இருக்கிறார்?" என்று உண்மையான பாசத்தோடு கேட்டார். "நன்றாக இருக்கிறார்" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் வந்தது. நான் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் அவரே பேசினார்.

"இந்த வாரமும் இருக்காது தம்பி, தெரியும். சும்மாதான் போட்டேன். அம்மா சுகம்தான? தூக்குச் சட்டிக்கு அவசரமில்ல, எப்பமாச்சும் இந்தப் பக்கம் வந்தா குடுங்க."

மூன்று வருஷத்துக்கு மேலான பழக்கத்தில் அவர் என்னை முந்திப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் பொய் சொல்ல வேண்டிய சிரமம் எனக்கு வேண்டாம் என்றுதான் முந்தியிருக்கிறார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போன் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

சில வருஷத்தில் தாதா ஏழு வயலினையும் நிறுத்திவிட்டார். சீரியல்கள் தினசரி ஆகிவிட்டன. அத்தனை பேரைக் கூட்டி வைத்து வாசிக்க நேரமில்லை. "நீயே மெஷினில் செய்துவிடு" என்றார். வெளிநாட்டில் நல்ல வாத்தியக்காரர்களை வைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து, சி.டி.யில் போட்டு விற்பார்கள். கீபோர்டில் கட்டையை அமுக்கினால் அந்தச் சுரம் அப்படியே வரும். எட்டு வயலின் சேர்ந்து வாசித்த சுரமும் உண்டு. இனி ஒரு ஆர்கெஸ்ட்ராவே என் மேஜைக்கு அடியில் என்று நான் துள்ளிக் குதித்தேன்.

ஒரு சீரியல் தயாரிப்பாளர் கேட்டுவிட்டு, "என்ன, ஹார்மோனியமா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். சுரம் ஒவ்வொன்றும் தேன். சேர்த்து வைத்தால் பிணம். எட்டுப் பேர் வாசிப்பதாகவே இல்லை. எட்டுக் கை முளைத்த ஒருவன் வாசிப்பதுபோல இருந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்குவதை விட்டு, எட்டு வயலினையும் ஒவ்வொன்றாக எட்டுத் தடவை தனியாக வாசித்துப் பதிந்தேன். ஒவ்வொன்றின் சுருதியையும் ஒரு மயிரிழை மாற்றினேன். ஒரு சுரம் தொடங்கும்போது மெலிந்து, நடுவில் பருத்து, முடியும்போது அடங்க வேண்டும் என்று கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பழகினேன். கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் தொடக்கம் மட்டும் வரவில்லை. எல்லாம் ஒரே புள்ளியில், கத்தி போட்டு வெட்டினதுபோலத் தொடங்கும். புள்ளியைக் கலைக்க கம்ப்யூட்டரிலேயே ஒரு வசதி உண்டு. அதுவாகவே ஒவ்வொரு சுரத்தையும் இஷ்டத்துக்கு முன்னே பின்னே நகர்த்தும். போட்டுக் கேட்டேன். எட்டுப் பேரும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தப் பழைய டேப் ஞாபகம் வந்தது. ஜூன் மாதத்து டேப். கெட்டுப்போன மூன்று தடவையும் அதில் அப்படியே இருந்தன. பத்திரப்படுத்தி வைக்கவில்லை, அழிக்கச் சோம்பல், அவ்வளவுதான். ஓகே ஆன நாலாவதை முதலில் கேட்டேன். சுத்தமாக இருந்தது. சுத்தமாக மட்டும். பிறகு மூன்றாவதைப் போட்டேன்.

ஏழு வயலின் எழும்புகிறது. அது நம்மைத் தொடுவதற்கு முன் எட்டாவது வந்து அடியில் கை கொடுக்கிறது. கதவைத் திறந்து முன்னால் போகிறவர்களுக்கு வழிவிட்டு, கடைசியாக ஒருவர் உள்ளே வந்து மெதுவாகக் கதவைச் சாத்துவதுபோல. நாலாவதில் அந்தக் கடைசி ஆள் இல்லாமல் கதவு திறந்தே கிடக்கிறது.

நான் அந்த மைக்கை மட்டும் தனியாக எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி, திரையில் அளந்து பார்த்தேன். அவர் வாசித்த பழைய டேப்புகளையும் தேடி எடுத்து ஏற்றினேன், ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. அவர் எப்போதும் பிந்துவதில்லை. வேகமான இடங்களில் ஊசி முனையில் நிற்கிறார். தனியாக வாசிக்கும் இடத்தில் சரியாகத் தாளத்தில் விழுகிறார். மற்றவர்களோடு சேர்ந்து மெதுவாகத் தொடங்கும் இடத்தில் மட்டும் பிந்துகிறார். பக்கத்தில் இருப்பவனுடைய வில் தந்தியைத் தொடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறார். என் டக் டக்கை அவர் கேட்கவே இல்லை. மனிதர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும் மெஷினைக் கேட்டார்கள், இவர் அவர்களைக் கேட்டார். அதைத்தான் நான் "லேட்" என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தேன்.

புரிந்ததும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கோல் மார்க்கெட்டிலிருந்து ஆர்.கே.புரம் எவ்வளவு தூரம்? நான் செய்தது வேறு. எட்டு வயலினில் ஒன்றுக்கு அவருடைய அளவுகளை அப்படியே போட்டேன். மெதுவான தொடக்கத்தில் இவ்வளவு, நடுவில் இவ்வளவு, வேகத்தில் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் "அண்ணாச்சி" என்று அடித்தேன்.

அவ்வளவுதான். ஆர்கெஸ்ட்ரா மூச்சுவிட்டது.

தயாரிப்பாளர், "பம்பாய் போய் ரெக்கார்ட் பண்ணினீர்களா?" என்று கேட்டார். தாதா என் முதுகைத் தட்டினார். அடுத்த சில வருஷம் டெல்லியில் வயலின் என்றால் என்னைத் தேடி வந்தார்கள். என்னிடம் வேலை கற்றவர்கள் அந்த அமைப்பை நகல் எடுத்துக்கொண்டு நொய்டாவுக்கும் லாஜ்பத் நகருக்கும் போனார்கள். அது யாருடைய பெயர், அப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் வேறொரு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பஞ்சாபிப் பையன் மிக இயல்பாகச் சொன்னான்: "அரே பாய், வயலின் எல்லாம் ரொம்ப வெட்டினாப்ல இருக்கு. தோடா அண்ணாச்சி டால்." கொஞ்சம் அண்ணாச்சி போடு. உப்புப் போடு என்பதுபோல.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணாச்சி ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மகள் இருக்கும் பெங்களூருக்குப் போகிறார் என்று கோயிலில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தனை வருஷமாக அது எங்கள் சமையலறைப் பரணில் இருந்தது. இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டி. டி.வி. மட்டும் இன்னும் கட்டப்படவில்லை. அண்ணாச்சியின் தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க தம்பி, வாங்க. எத்தன வருசமாச்சு! சட்டிக்கா இவ்வளவு தூரம்?"

அந்த அம்மாள் காபி கொண்டுவந்தார். "சனிக்கிழமையானா இப்பவும் பத்து மணிக்கு இஸ்திரிச் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துருவாக. எங்க போறதுக்குன்னு கேட்டா, சும்மாதான்னு சொல்லுவாக" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணாச்சி தன் டம்ளரைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் குடித்தேன். பிறகு அவர் எடுத்தார்.

ஏழரை மணி. "உங்க சீரியல் வருது" என்று அவரே டி.வி.யைப் போட்டார். மெஷினில் நான் போட்ட முகப்பு இசை தொடங்கியது. கையை உயர்த்தி எங்கள் இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏழு வயலின் எழும்பியது. எட்டாவது வந்து சேர்ந்தது. அவருடைய புருவம் லேசாகச் சுருங்கியதைப் பார்த்தேன்.

பேச்சு வேறு எங்கெங்கோ போயிற்று. பிறகு பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்தார். பாதி வழியில் நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கப்புடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"தெனம் கேக்கேன். ரொம்ப நல்லாருக்கு. ஆனா அதுல ஒருத்தன் பிந்துதான். பின்வரிசைன்னு நெனைக்கேன். நீங்க கவனிக்கலியோ என்னமோ."

நான் வாயைத் திறந்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த எதுவும் அதில் இல்லை.

"தாதா கவனிச்சுட்டா சங்கடம்லா" என்றார் அண்ணாச்சி. "அவனத் தனியா கூப்புட்டு மெதுவாச் சொல்லிருங்க. எல்லாரு முன்னாலயும் சொல்லாண்டாம். சொன்னா திருத்திக்கிடுவான். என்னமோ, மோசமான ஆளா இருக்க மாட்டான்னு தோணுது. ஆள எடுத்துராதீங்க, என்னா?"

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"எல்லா ரெக்கார்டிங்குக்கும் கூப்புடுதீங்களா அவன?"

"எல்லாத்துக்கும் கூப்பிடுறோம். அவர் இல்லாம ஒண்ணுமே பண்றதில்ல."

வழக்கமான அந்தச் சின்ன இடைவெளிக்குப் பிறகு, "அப்பம் சரி" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். முன்பின் பார்த்திராத ஒரு வயலின்காரனுக்கு நாற்காலி நிலைத்துவிட்டதே என்று முகம் மலர்ந்துவிட்டது.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அன்றைக்கு அவர் எல்லோரையும் ஏறவிட்டு நிற்கவில்லை. என் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்குள் செருகி, பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார். நான் ஜன்னலோரம் இடம் பிடித்து வெளியே தலையை நீட்டினேன். அவர் அருகில் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இன்னொண்ணு. அவன் வெள்ளிக்கெழம போன் போட்டுக் கேட்டாம்னா, இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, இல்லைன்னா இல்லைன்னு உள்ளதச் சொல்லிருங்க. அவன் ஒண்ணும் நெனைக்க மாட்டான்."

கண்டக்டர் தகரத்தைத் தட்டினான். அவர் கம்பியை விட்டு, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒதுங்கி நின்றார். கையை ஆட்டவில்லை. நான் ஆட்டட்டும் என்று காத்திருந்தார்.

பஸ் திருப்பத்தில் வளைந்து, அவர் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அது நீங்கதான் அண்ணாச்சி" என்றேன், சத்தமாகவே.

பக்கத்து இருக்கைக்காரர், தன்னிடம்தான் ஏதோ சொன்னேன் என்று நினைத்து என் பக்கம் திரும்பி, "ஜி, முஜ்ஸே குச் கஹா?" என்று கேட்டார்.